தொழுவுக்கு வைத்த வாசல்

மைனி,

கையில் துரு வாசம் இன்னும் போகவில்லை. சோப்புப் போட்டுக் கழுவினேன், புளி வைத்துத் தேய்த்தேன். விரலை மூக்கருகே கொண்டுபோனால் அதே வாசம். நம் வீட்டுக் கூரையின் மேற்கு ஓரத்தில் நீட்டி மடக்கி விட்டிருந்த கம்பிகளை இன்று காலை கொத்தனார் ஒவ்வொன்றாக நிமிர்த்தினார். அவர் இரும்புக் குழாயைச் செருகி வளைக்க, நான் பக்கத்தில் குத்தவைத்து நுனியைப் பிடித்துக்கொண்டேன். இத்தனை வருஷம் மடங்கிக் கிடந்தவை நிமிர மாட்டேன் என்று அடம்பிடித்தன. "டீச்சர், கம்பியும் உங்கள மாதிரியே இருக்கு" என்றார் கொத்தனார். நான் அடுத்த கம்பியின் நுனியைப் பிடித்தேன்.

நாளை கான்கிரீட். உங்கள் தொழுவுக்குக் கூரை வரப்போகிறது. இதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது என்றுதான் எழுத உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்பதும் பேருக்குத்தான். இந்த நாலு வரி எழுதுவதற்குள் எழுந்துபோய், கூரைக்கு அடித்திருக்கும் பலகைக்குக் கீழே நிறுத்திய முட்டுகளை அசைத்துப் பார்த்துவிட்டு வந்தேன். "ஏட்டி, ஒரு எடத்துல இருக்க மாட்டியா? பாயில முள்ளா கெடக்கு?" என்று கேட்பீர்களே, அந்தக் குரல் காதிலேயே நிற்கிறது. முள் பாயில் இல்லை மைனி. எனக்குள்தான் இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது.

அண்ணன் செத்துப்போன பிறகு நீங்களும் உங்கள் மகள் சுபாவும் அந்த ஓலைக் குடிசையில் இருந்தீர்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் புகுந்து வரும் காற்றை நம்பி மலையடிவாரம் முழுக்கக் காற்றாலைகளை நட்டிருக்கிறார்கள். நாம் அதே காற்றுக்குப் பயந்து, கூரைக்கு மேலே கயிறு போட்டு, கயிற்றின் நுனிகளில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டிருந்தோம். ஆடி மாதத்தில் அந்தக் கற்கள் சுவரில் இடித்துக்கொண்டே இருக்கும். சுபா அந்தச் சத்தத்தில்தான் படித்தாள்.

அந்தக் குடிசைக்கு நான் வந்தது ஒரு சாயங்காலம். அங்கன்வாடி வேலை முடிந்து புருஷன் வீட்டுக்குப் போனபோது கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினேன். உள்ளே டிவி ஓடுகிற சத்தம் கேட்டது, யாரும் எழுந்து வரவில்லை. அப்படி நடப்பது அது முதல் தடவை அல்ல. மற்ற நாட்களில் படியில் உட்கார்ந்திருப்பேன், அவர்களாகத் திறப்பார்கள். அன்றைக்கு என்னவோ உட்காரத் தோன்றவில்லை, பஸ் ஏறிவிட்டேன். உங்கள் குடிசைக்குக் கதவே கிடையாது, ஓலைப் படல்தான். தள்ளிக்கொண்டு உள்ளே வந்தேன். நீங்கள் தோவாளைப் பூக்கடைக்காக மாலை கட்டிக்கொண்டிருந்தீர்கள். தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "சோறு இருக்கு. கறிதான் இல்ல. ஊறுகா போதுமாட்டி?" என்றீர்கள். என்ன, ஏது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் அழுதது அதற்காகத்தான், தாழிட்ட கதவுக்காக அல்ல.

பிறகு ஒருநாள் போய் என் துணிகளை ஒரு பெரிய பையில் திணித்து எடுத்துவந்தேன். கம்பில் ஆணி அடித்து அதை மாட்டினேன். அந்தப் பையை நான் காலி செய்யவே இல்லை. உடுத்துவதை எடுப்பேன், துவைத்துக் காயவைத்து மடித்து அதற்குள்ளேயே வைப்பேன். யாராவது வந்தால் நீங்கள், "இது எங்க வீட்டுக்காரருக்கத் தங்கச்சி. எங்க கூடத்தான் இருக்கா" என்பீர்கள். நான் முந்திக்கொண்டு, "கொஞ்ச நாளைக்கு" என்பேன். நாகர்கோவிலில் ஒரு லேடீஸ் ஹாஸ்டல் பார்த்துக்கொண்டிருப்பதாக எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! நீங்கள் அதை மறுத்தும் பேசமாட்டீர்கள், நம்பவும் மாட்டீர்கள்.

கிராம சபையில் உங்கள் பேரை வாசித்த அன்று நீங்கள் மாலைக்கு வைத்திருந்த பிச்சிப்பூவில் ஒரு கையளவு எடுத்து என் தலையில் வைத்தீர்கள். ஓலை வீட்டுக்காரர்களுக்கு அரசாங்கம் கொடுக்கிற கான்கிரீட் வீடு. அஸ்திவாரம் முடிந்தால் ஒரு தவணை, சுவர் கதவு நிலை மட்டத்துக்கு வந்தால் ஒரு தவணை, கூரைக்கு ஒன்று. ஒவ்வொரு கட்டத்திலும் ஓவர்சியர் வந்து, வீட்டுக்கு முன்னால் உங்களை நிறுத்திப் போட்டோ எடுப்பார். போட்டோ ஏறினால்தான் பணம் வரும். அதே இடத்தில் கட்ட வேண்டியதால் குடிசையைப் பிரித்தோம், வேலியோரம் தகரமும் தார்ப்பாயும் வைத்து ஒரு கொட்டகை போட்டுக்கொண்டோம். ஒரு வருஷத்துக்குள் முடித்துவிட வேண்டும், அளவுக்கு மேல் போகாதீர்கள் என்று முதலிலேயே சொல்லித்தான் அனுப்பினார்கள்.

ஆனால் நம் ஊர்க்காரர்களுக்கு அஸ்திவாரத்துக்கு வானம் தோண்ட ஆரம்பித்தால் கை நிற்காதே. அடுத்த தெருவில் கல்ஃப்காரன் வீடு நிற்கும். அதைப் பார்த்துக்கொண்டே கயிறு பிடிப்பார்கள், இந்தப் பக்கம் ஒரு முழம், அந்தப் பக்கம் ஒரு முழம் என்று நகர்த்துவார்கள். கடைசியில் சுவர் நிலை மட்டத்துக்கு வந்து நின்றுவிடும், உள்ளே எருக்கு முளைக்கும். அப்படி நிற்கிற வீடுகள் எந்த ஊரில் இல்லை? நீங்கள் அந்த ரகம் இல்லை என்று நினைத்திருந்தேன். வேலை முடிந்து வந்து பார்த்தால், இரண்டு அறைக்கும் அடுக்களைக்கும் தோண்ட வேண்டிய இடத்தில் மேற்கே தள்ளி இன்னொரு சதுரம் தோண்டிக் கிடக்கிறது. கொத்தனார் என் முகத்தைப் பார்க்காமல் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"இது என்ன மைனி?"

"உனக்கு ஒரு ரூமு."

"நான் கேட்டேனா? நான் கிளம்பப் போறவ."

"கெளம்புறவ கெளம்பு. ஆரு புடிச்சு வச்சா? திரும்பி வாறதுக்கு ஒரு வாசல் வேணும்லா?"

அப்போதுதான் நான் கவனித்தேன். அந்த அறைக்கு வீட்டுக்குள்ளிருந்து வழி விடவில்லை, தெருவைப் பார்த்துத் தனியாக வாசல் விட்டிருந்தீர்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. சுபாவின் தலைக்குமேல் கூரை நிற்காமல் போனால் அந்தப் பழி என் அறைமேல் வந்து விழுமே என்று கத்தினேன். நீங்கள் பூவைத் தொடுத்துக்கொண்டே, "நீ ஆரு வீட்டுக்குள்ளயும் நொழஞ்சு, ஆரையும் தாண்டி உனக்க பாய்க்குப் போகப்பிடாது. உனக்கு நீ தொறக்கணும், நீ பூட்டணும். பேசாம இரி" என்றீர்கள். அன்றிரவு நான் பையைக் கையில் எடுத்துவிட்டு மறுபடி மாட்டியதை நீங்கள் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தீர்கள்.

நிலை மட்டப் போட்டோவுக்கு ஓவர்சியர் அம்மா வந்த நாளை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. திண்டுக்கல் பக்கத்துப் பெண், சின்ன வயசு. அவர் கண்ணில் படாமலிருக்க மேற்கே இடுப்பளவு நின்ற சுவருக்கு முன்னால் கொடி கட்டி, இருக்கிற சேலையெல்லாம் காயப்போட்டீர்கள். போதாதென்று எதிர்வீட்டுப் பசுவை இரவல் வாங்கி அங்கே கட்டினீர்கள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கணவாய்க் காற்றை மட்டும் மறந்துவிட்டீர்கள். அவர் ஃபோனைத் தூக்கிப் பிடித்ததும் ஒரு வீச்சு வீசியது பாருங்கள், அத்தனை சேலையும் கொடியோடு மேலே போய்விட்டது. சுவர் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது.

"அது என்னம்மா?" என்றார் ஓவர்சியர் அம்மா.

"தொழுவு, மேடம்."

"மாட்டுத் தொழுவுக்கு இவ்வளவு பெரிய அஸ்திவாரமா? தெருப்பக்கம் வாசல் வேற?"

"பசுவுக்கும் ஒரு மரியாதை வேணும்லா மேடம்" என்றீர்கள். இரவல் பசு அதற்குள் ஒரு சேலையின் முந்தானையை மெல்ல ஆரம்பித்திருந்தது.

அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடித்ததும் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் போற ஊர்ல எல்லாம் பாதி வீடு இப்படித்தாம்மா நிக்குது. முதல்ல தலைக்கு மேல கூரையப் போடுங்க. காலம் தாண்டிருச்சுன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். போட்டோவில் நீங்கள் நிற்கிறீர்கள், காற்றில் பறக்கும் முடியை ஒரு கையால் ஒதுக்கிக்கொண்டு. நான் அவரை பஸ் நிறுத்தம்வரை கொண்டுவிட்டுத் திரும்பி வந்தபோது நீங்கள் என்னைப் பார்த்து, "என்னட்டி, தொழுவு கெட்டியாச்சு. நீ எப்பம் வந்து நிக்கப்போற?" என்றீர்கள். அன்று முதல் அந்த அறைக்குப் பேரே தொழுவு.

அந்தச் சித்திரையில்தான் நீங்கள் போனீர்கள். பூ கட்டிக்கொண்டிருந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தீர்கள். ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இதைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை, விட்டுவிடுகிறேன்.

சடங்கு முடிந்து ஊர் கலைந்த பிறகு நானும் சுபாவும் தகரக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தோம். எதிரே தலையில்லாத வீடு நின்றது. வானம் ஆரல்வாய்மொழி மலைமேல் இருட்டத் தொடங்கியிருந்தது. ஆனி பிறந்தால் காற்று வந்துவிடும், அந்தக் காற்றில் கொட்டகை ஒருநாள் தாங்காது. ஓவர்சியர் அம்மாதான் அலைந்து, வீட்டைச் சுபாவின் பேருக்கு மாற்றிக் கொடுத்தார். ஆனால் கெடுவை நீட்ட அவரால் முடியவில்லை. கொத்தனார் ஜல்லியையும் கம்பியையும் பார்த்துவிட்டு வந்து, "டீச்சர், தொழுவையும் சேத்துப் போடணும்னா காத்து முடிஞ்சு பாக்கணும். இப்பமே போடணும்னா இருக்குற சாமானுக்கு ரெண்டு ரூமும் அடுக்களையும்தான் தேறும்" என்றார்.

அதில் யோசிக்க என்ன இருக்கிறது? "தொழுவ விட்டுருங்க" என்றேன். சுபா அழுதாள். "அத்தே, அம்ம உங்களுக்குன்னுல்லா தோண்டுனா" என்றாள். உங்கள் ஆசையை என் வாயாலேயே வெட்டிவிட்டேன் என்று தெரியும். அப்படித்தான் செய்திருக்க வேண்டும் என்றும் தெரியும். இரண்டும் தெரிந்துகொண்டு தூங்குவது லேசல்ல மைனி. கொத்தனார் மட்டும் போகாமல் நின்றார். "உங்க மைனி எங்கிட்ட சொல்லிருக்காவ. கம்பியாவது வெளிய நீட்டி விடட்டா? நாளப்பின்ன சேத்துக் கெட்டலாம்" என்றார். "என்னமும் செய்யுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டேன்.

காற்று வருவதற்குள் கூரை வந்துவிட்டது. முதல் ஆடியில் அதே காற்று அதே கணவாய் வழியாக வந்து சுவரில் மோதியது. எதுவும் அசையவில்லை. கல் இடிக்கிற சத்தமில்லாமல் சுபாவுக்குப் படிக்க வரவில்லை. "அத்தே, சும்ம எதையாவது தட்டிக்கிட்டே இருங்க" என்றாள். நான் அடுக்களையில் ஒரு கிண்ணத்தைத் தட்டிக்கொண்டு அழுதேன். நீங்கள் ஒருநாள்கூடப் படுக்காத வீட்டில் நாங்கள் காற்றுக்குப் பயமில்லாமல் படுத்திருந்தோம்.

கூரை காய்ந்ததும் கிளம்பிவிடுவது என்றுதான் இருந்தேன். சுபாவுக்கு நர்சிங் கிடைத்தது, அது முடியட்டும் என்றேன். முடிந்ததும், வேலை கிடைக்கட்டும் என்றேன். பை புது வீட்டிலும் ஒரு ஆணியில் தொங்கியது. வேடிக்கை என்னவென்றால், ஒவ்வொரு வருஷமும் மழைக்கு முன்னால் நான் ஏணி வைத்து ஏறி, மடங்கிக் கிடக்கிற கம்பிகளுக்கு, தண்ணீரில் கரைத்த சிமெண்ட் பால் பூசிவிடுவேன். பூசாவிட்டால் துரு தின்றுவிடும் என்று கொத்தனார் எப்போதோ சொன்னது. இங்கிருந்து போகப்போகிறவளுக்கு அந்தக் கம்பி துருப்பிடித்தால் என்ன, பிடிக்காவிட்டால் என்ன? பூசும்போதெல்லாம் உங்களைத் திட்டிக்கொண்டேதான் பூசினேன். ஒரு வருஷம்கூட விட்டதில்லை.

கூரையில்லாத தொழுவில் மழைத்தண்ணீர் தேங்கும், தும்பை முளைக்கும், எதிர்வீட்டுப் பசு நிஜமாகவே வந்து படுத்துக்கொள்ளும். உங்கள் பொய் பலித்துவிட்டது என்று ஓவர்சியர் அம்மாவிடம் சொல்ல ஆசை. அவர் மாறுதலாகி எங்கோ போய்விட்டார்.

சுபா இப்போது மஸ்கட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். போன மாதம் ஃபோனில், "அத்தே, தொழுவுக்குச் சொவர ஏத்திக் கூரை போடப்போறேன். கொத்தனார்ட்ட பேசியாச்சு" என்றாள். என்னைக் கேட்கவில்லை. நான் வழக்கம்போல, "எனக்கு எதுக்கு மக்கா? நான்..." என்று ஆரம்பித்தேன்.

"கெளம்பப் போறவங்க. தெரியும். கெளம்புங்க அத்தே, ஆரு புடிச்சு வச்சா?" என்றாள்.

அது உங்கள் குரல் மைனி. உங்களுக்குத் தெரியும், எதுவும் ஓடாவிட்டால் நான் பாத்திரம் தேய்ப்பேன். அன்றைக்குத் தேய்த்த பாத்திரத்தையே திரும்பத் தேய்த்தேன்.

இதை நேற்று முன்தினம் எழுதிப் பாதியில் வைத்தேன். நேற்று கான்கிரீட் போட்டார்கள். விடிகாலையிலேயே ஆட்கள் வந்துவிட்டார்கள், மிக்சர் ஓடிய சத்தத்தில் எதிர்வீட்டுப் பசு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. பழைய கூரையும் புதுக் கூரையும் சேர்கிற இடத்தில் சிமெண்டுக் கலவை ஓடி நிரம்பியதை நான் ஏணியிலிருந்து பார்த்தேன். நிமிர்த்திய கம்பிகள் அதற்குள் மறைந்துவிட்டன. இனிமேல் அவற்றுக்கு நான் பால் பூச வேண்டியதில்லை. அதை நினைத்ததும் ஒரு பொழுதுபோக்கு போன மாதிரி இருந்தது. உங்களுக்குப் பிரியமான சிறுபயிற்றம் பருப்புப் பாயசம் வைத்து எல்லாருக்கும் விளம்பினேன். சர்க்கரை கூடிப்போச்சு என்று கொத்தனார் குறை சொல்லிவிட்டு இரண்டு தடவை வாங்கிக் குடித்தார்.

மரவேலைக்காரரும் வந்திருந்தார். தெருப்பக்கம் விட்டிருந்த வாசலை அடைத்துவிட்டு வீட்டுக்குள்ளிருந்து வழி வைத்தால் வசதியாக இருக்குமே, ஒற்றைக்கு இருக்கிறவர்களுக்கு அதுதானே பாதுகாப்பு என்று கேட்டார். என் வாயிலிருந்து அப்படி ஒரு வேகத்தில் "வேண்டாம்" வந்தது, அவர் பயந்தே போய்விட்டார். அந்த வாசல் அங்கேதான் இருக்கும். நான் திறப்பேன், நான் பூட்டுவேன். கதவு பிறகு வரட்டும், அதுவரை ஓலைப் படல் ஒன்று கட்டி வைக்கச் சொல்லியிருக்கிறேன். யாராவது ஒரு சாயங்காலம் வந்து தள்ளினாலும் தள்ளட்டும். சோறு இருக்கும்.

கிளம்பும்போது கொத்தனார் கூரையை ஒருதரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "டீச்சர், இந்தக் காத்துக்கு இது சடார்னு காஞ்சு வெடிச்சிரும். காலைலயும் சாயங்காலமும் ஏறித் தண்ணி விடணும். ஈரத்துணி விரிச்சாலும் நல்லது. கொஞ்ச நாளைக்கு எங்கயும் போயிராதீங்க."

கொஞ்ச நாளைக்கு! நான் இத்தனை வருஷம் எல்லாரிடமும் சொன்ன வார்த்தையை அவர் என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகிறார்.

இன்று காலை மேலே ஏறிப் பார்த்தேன். காற்று அதற்குள் ஓரங்களை வெளுக்க வைத்திருந்தது. விரிக்கச் சாக்கு தேடினேன், ஒன்றும் அகப்படவில்லை. கீழே வந்து ஆணியிலிருந்து பையை எடுத்தேன். கிளம்புவதற்கென்று மடித்து வைத்திருந்த சேலைகளை எல்லாம் வாளியில் முக்கினேன். ஒவ்வொன்றாக மேலே கொண்டுபோய், தொழுவின் கூரைமேல் விரித்து, ஓரமெல்லாம் செங்கல் வைத்தேன். காற்று தூக்கிப் பார்த்தது. இந்தத் தடவை அதனால் முடியவில்லை.

இனிக் கிளம்ப வேண்டுமென்றாலும் எனக்கு மாற்றுச்சேலை கிடையாது, மைனி. வெயில் ஏறுகிறது, இருங்கள், தண்ணீர் ஊற்றிவிட்டு வருகிறேன்.